பசிக்கும் செடிக்குள் என்ன நடக்கிறது? இலையிலிருந்து மரபணு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பல்கனியில் ஆறு பூச்சாடிகள். போன வருடம் அதில் ஒரு தக்காளிக் கன்று மாதக்கணக்கில் வளராமல் குந்திக்கொண்டிருந்தது. இலை வாடவில்லை, மஞ்சளாகவும் இல்லை. சொல்லப்போனால் மற்றக் கன்றுகளைவிடக் கரும்பச்சையாக இருந்தது. ஆனால் இலையைத் திருப்பிப் பார்த்தால் நரம்பெல்லாம் கத்தரிக்காய் நிறம். மேல்மாடி அன்ரி எட்டிப் பார்த்துவிட்டு, "பசளை காணாது தம்பி, இன்னும் கொஞ்சம் யூரியா போடுமன்" என்றார். போட்டேன். இலை இன்னும் கறுத்தது, ஊதா அப்படியே இருந்தது.

அன்ரி சொன்னதில் பாதி சரி. கன்றுக்குப் பசிதான். ஆனால் யூரியாவில் இருப்பது நைதரசன். அதற்கு வேண்டியிருந்தது பொசுபரசு. அந்த ஊதா நிறம் நோயும் அல்ல. கன்று தன் மரபணுக்களில் சிலவற்றை முடுக்கி, சிலவற்றை அடக்கி, தானே பூசிக்கொண்ட நிறம் அது. நான் அதைக் கண்ணால் காண்பதற்குப் பல நாட்கள் முன்பே உள்ளே வேலை தொடங்கியிருக்கும்.

இலையில் தெரியும் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு மரபணு வரை எப்படி நடந்து போவது என்பதுதான் இந்த வழிகாட்டி. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், மாடியில் நாலு சாடி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஆய்வுகூடம் தேவையில்லை. கடைசியில் யோகட் கப்பில் செய்து பார்க்கச் சில பரிசோதனைகளும் உண்டு. நம் பாடப்புத்தகங்கள் 'பரம்பரையலகு' என்று சொல்வதை இங்கே 'மரபணு' என்றே எழுதுகிறேன்; சின்னச் சொல், கை வலிக்காது.

முதலாம் படி: எந்த இலை முதலில் மாறியது?

பசளைப் பையைத் திறப்பதற்கு முன் ஒரேயொரு கேள்வி: அடையாளம் அடியிலுள்ள முதிர்ந்த இலையிலா, நுனியிலுள்ள இளம் இலையிலா?

நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகிய நான்கையும் செடியால் பழைய இலையிலிருந்து கழற்றிப் புதிய இலைக்கு அனுப்ப முடியும். ஆகவே அவை குறைந்தால் அடியிலை முதலில் அடிபடும். இரும்பு, கல்சியம், போரன் போன்றவை போய்ச் சேர்ந்த இடத்தை விட்டு எளிதில் நகரா. அவை குறைந்தால் கொழுந்துதான் முதலில் கஷ்டப்படும்.

அடியிலை முழுவதும் வெளிறி மஞ்சளானால் நைதரசன். அடியிலையின் விளிம்பு கருகினால் பொற்றாசியம். அடியிலையில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளானால் மகனீசியம். அதே கோலம் கொழுந்தில் தெரிந்தால் இரும்பு. வளர்ச்சி நின்று, கரும்பச்சையாகி, இலையின் அடியில் ஊதா படர்ந்தால் பொசுபரசு. ஊதாவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: குளிரும் கடும் வெயிலும்கூட அதைக் கொண்டுவரும், சில வர்க்கங்கள் பிறவியிலேயே ஊதா. கொழும்பில் குளிரைக் குற்றம் சொல்ல வழியில்லை, மற்ற இரண்டையும் யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: தண்ணீர்த் தாங்கியின் மிதவையை நினைத்துக்கொள்ளுங்கள்

ஒரு செடியின் ஒவ்வொரு கலத்திலும் மரபணுக்கள் முழுவதும் இருக்கின்றன. ஆய்வுகூடங்களின் செல்லச் செடியான அரபிடாப்சிஸ் என்ற சிறு பூண்டில், புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 27,000. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் டி.என்.ஏ.யில் ஒரு முகப்புப் பகுதி உண்டு. அங்கே சில புரதங்கள் வந்து உட்கார்ந்தால்தான் அந்த மரபணு ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படும். அப்படி உட்காரும் புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்கிறோம். 'மரபணு ஒழுங்குபடுத்தல்' என்று வகுப்பில் சொல்வதன் பெரும்பகுதி, இவை எப்போது உட்காரும், எப்போது எழும்பும் என்பதுதான்.

இதை வகுப்பில் மின்சார ஆளியைப் போல, போட்டால் எரியும் அணைத்தால் அணையும் என்று விளக்குவார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. ஆளியைப் போட வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். செடிக்கு அப்படி ஒரு கை கிடையாது. அதைவிட நம் மாடிவீட்டுத் தண்ணீர்த் தாங்கி பொருத்தம். தாங்கிக்குள் ஒரு மிதவை கிடக்கிறது. தண்ணீர் நிறைந்திருந்தால் மிதவை உயர்ந்து வால்வை அடைத்துவைத்திருக்கும். மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கும், வால்வு திறக்கும். யாரும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அடைக்கும் வேலையைச் செய்வது அந்தத் தண்ணீரேதான்.

பொசுபரசுப் பசியில் செடி செய்வது அச்சொட்டாக இதுவே.

மூன்றாம் படி: பொசுபரசின் மிதவை

கணக்கு முதலில். வேர் பொசுபரசை எடுப்பது பொசுபேற்று என்ற வடிவில். மண்ணீரில் கரைந்திருக்கும் பொசுபேற்று மிகச் சொற்பம். வேர்க் கலத்துக்குள் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் இருக்கும். அதாவது பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இறைக்கும் வேலை. அதற்காக வேரின் தோலில் பி.எச்.ரீ.1 என்ற குடும்பத்தைச் சேர்ந்த கடத்திப் புரதங்கள் நிற்கின்றன. பம்பு செய்யக் காசு போகும், ஓட்டவும் காசு போகும். வேண்டாத நேரத்தில் அவற்றைச் செய்து அடுக்குவது வீண்.

எத்தனை பம்பு வேண்டும் என்று தீர்மானிப்பதில் முதல் ஆள் பி.எச்.ஆர்.1 என்ற படியெடுப்புக் காரணி. 2001இல் மட்ரிட்டில் ஹவியர் பாஸ்-ஆரேஸின் குழு அரபிடாப்சிஸில் கண்டுபிடித்தது. பசிக்கால மரபணுக்கள் பலவற்றின் முகப்பில் எட்டு எழுத்துக் கொண்ட ஒரு சிறு தொடர் இருக்கிறது, டி.என்.ஏ.யின் எந்த இழையிலிருந்து வாசித்தாலும் ஒன்றுபோல் வரும், 'விகடகவி' மாதிரி. பி.எச்.ஆர்.1 போய் உட்காருவது அங்கேதான். நெல்லில் இதே வேலையை பி.எச்.ஆர்.2 செய்கிறது.

இங்கே பலரும் வழுக்கும் ஒரு இடம் உண்டு. பசி வந்ததும் செடி பி.எச்.ஆர்.1ஐப் புதிதாகச் செய்யத் தொடங்குகிறது என்று நினைப்பார்கள். அப்படியில்லை. அது பசித்தாலும் பசிக்காவிட்டாலும் கலத்தின் கருவுக்குள் ஏறக்குறைய எப்போதும் இருக்கிறது. வயிறு நிறைந்த காலத்தில் அதை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள்.

பிடித்துவைப்பது எஸ்.பி.எக்ஸ். என்ற புரதம். அதுவும் தனியாகப் பிடிப்பதில்லை; கையில் ஒரு சிறு மூலக்கூறு இருந்தால்தான் பிடி இறுகும். இனோசித்தோல் என்ற ஆறு காபன் வளையத்தில் எட்டுப் பொசுபேற்றுக்களை ஏற்றிவைத்த மூலக்கூறு அது. ஆறு கதிரையில் எட்டுப் பேர் இருப்பது போல, இரண்டு இடத்தில் ஒருவர் மடியில் இன்னொருவர். கலத்தில் பொசுபேற்று தாராளமாக இருந்தால் இந்த மூலக்கூறும் நிறையச் செய்யப்படும், எஸ்.பி.எக்ஸ். பி.எச்.ஆர்.1ஐ விடாது. பொசுபேற்று குறைந்தால் மூலக்கூறும் குறையும், பிடி தளரும், பி.எச்.ஆர்.1 போய் டி.என்.ஏ.யில் உட்காரும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரேயடியாக விழித்துக்கொள்ளும். எஸ்.பி.எக்ஸ். புரதம் இந்த வகை மூலக்கூறுகளை உணர்கிறது என்பது 2016இல்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆக, மிதவையின் உள்ளமைப்பு பிடிபட்டது அண்மைக்காலத்தில்தான்.

இன்னொரு சுவாரசியம். பி.எச்.ஆர்.1 விடுபட்டதும் எழுப்பும் மரபணுக்களில் எஸ்.பி.எக்ஸ்.1உம் ஒன்று. தன்னைப் பிடிக்கும் கையைத் தானே செய்துவைக்கிறது! பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். இதன் நியாயம் கடைசிப் படியில் வரும், ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நான்காம் படி: இலை வேருக்கு எழுதும் கடிதம்

வேர் மண்ணுக்குள் இருக்கிறது, பசி பெரும்பாலும் இலையில். வேருக்கு யார் சொல்வது?

பி.எச்.ஆர்.1 இலையில் எழுப்பும் மரபணுக்களில் ஒன்று புரதமே செய்வதில்லை. அது செய்வது மைக்ரோ ஆர்.என்.ஏ. 399 என்ற, 21 எழுத்து நீளமே உள்ள ஒரு துண்டு. இது உரியத்தின் வழியாக, சீனி இறங்கும் அதே பாதையில், இலையிலிருந்து வேருக்கு இறங்குகிறது. இதை 2008இல் ஒட்டுச் செடிகளில் காட்டினார்கள். ஒரு செடியின் மேற்பகுதியை இன்னொன்றின் வேரில் ஒட்டவைத்து, மேலே செய்யப்பட்ட துண்டு கீழே வந்து வேலை செய்வதைப் பார்த்தார்கள். மாமரத்துக்கு ஒட்டு வைப்பவர்களுக்குத் தெரிந்த கைவினைதான், செடிதான் விரல் நகத்தைவிடச் சின்னது.

வேருக்கு வந்த துண்டு அங்கே என்ன செய்கிறது? வேரில் பி.எச்.ஓ.2 என்று ஒரு புரதம் உண்டு. அது கழிவு சேகரிக்கும் மேற்பார்வையாளர் மாதிரி. பொசுபேற்றுக் கடத்திகளை அழிவுக்கு அனுப்ப உதவுவது அதன் வேலை. நல்ல காலத்தில் அது தேவை, இல்லாவிட்டால் செடி அளவுக்கு மிஞ்சி இறைத்துவிடும். பசிக்காலத்தில் 399ஆம் துண்டு பி.எச்.ஓ.2இன் ஆர்.என்.ஏ.யில் ஒட்டி அதை வெட்டுவிக்கிறது. மேற்பார்வையாளர் இல்லை, ஆகவே கடத்திகள் அழியாமல் நிற்கின்றன, இறைப்பு கூடுகிறது.

புதிய பம்புகளைச் செய்வது ஒரு வழி, பழையவற்றைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றுவது இன்னொரு வழி. செடி இரண்டையும் சேர்த்தே செய்கிறது.

இதற்கு மேலே ஒரு குசும்பும் உண்டு. அதே பசிக்காலத்தில் ஐ.பி.எஸ்.1 என்ற இன்னோர் ஆர்.என்.ஏ.யையும் செடி செய்கிறது. அதிலும் 399 வந்து ஒட்டும் இடம் இருக்கிறது, ஆனால் வெட்டு விழ வேண்டிய இடத்தில் மூன்று எழுத்துக்கள் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருக்கும். சாவி உள்ளே போகும், திரும்பாது, வெளியேயும் வராது. இப்படிச் சில துண்டுகளை மாட்டவைத்து, கடிதங்கள் அளவுக்கு மிஞ்சாமல் செடி பார்த்துக்கொள்கிறது. 2007இல் மட்ரிட் குழு இதைச் சொன்னபோது தாவர உலகில் மட்டுமல்ல, விலங்குகளில் ஆர்.என்.ஏ. ஆராய்பவர்களிடமும் பெரிய பேச்சானது.

ஐந்தாம் படி: வேரைத் தோண்டிப் பாருங்கள்

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியாதது. அதன் விளைவு தெரியும். கன்றை அலுங்காமல் பிடுங்கி, வாளித் தண்ணீரில் வேரை அலசி, வெள்ளைத் தட்டில் பரப்புங்கள்.

பொசுபேற்று மண்ணில் ஓடித்திரியாது, மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆகவே பசித்த அரபிடாப்சிஸ் ஆழமாகப் போகும் ஆணிவேரை நிறுத்திவிட்டு, பக்கவேர்களையும் வேர்மயிர்களையும் நீட்டுகிறது. ஆணிவேரின் நுனி பொசுபேற்றில்லாத இடத்தைத் தொட்ட உடனேயே நின்றுவிடுகிறது, எல்.பி.ஆர்.1 என்ற மரபணுவைக் கெடுத்தால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் இதை எல்லாச் செடிக்கும் விதியென்று எடுக்காதீர்கள். நெல் போன்ற பல செடிகள் அப்படி நிறுத்துவதில்லை. எல்லோருக்கும் பொதுவானது: மேலுடம்போடு ஒப்பிட்டால் வேரின் பங்கு கூடும்.

வேர் வெளியே சில சாமான்களையும் விடுகிறது. ஒன்று, சேதனப் பொருளில் கட்டுண்டிருக்கும் பொசுபேற்றை அறுத்தெடுக்கும் நொதியங்கள். இன்னொன்று, மண்ணில் ஒட்டிய பொசுபேற்றைக் கழற்றிவிடும் மாலேற்று, சித்திரேற்று போன்ற அமிலங்கள். கொழும்பு மாதிரி ஈரவலய மண்ணுக்கு இது முக்கியம். வீடு கட்ட வெட்டியெடுக்கும் சிவப்புச் செம்புரைக்கல் மண் அமிலமானது. இரும்பும் அலுமினியமும் நிறைந்தது. பொசுபேற்றைப் போட்டால் அவை கட்டிப்பிடித்துக்கொள்ளும். மண்ணில் பொசுபரசு இருக்கும், செடிக்குக் கிடைக்காது. என் சாடியிலும் நடந்தது அதுதான்: கட்டட வேலை நடந்த வளவிலிருந்து சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிவந்த சிவப்பு மண்ணும் தும்புத்தூளும்.

கலத்துக்குள் நடப்பது இன்னும் சுவையானது. கல மென்சவ்வுகள் பெரும்பாலும் பொசுபரசு கொண்ட கொழுப்பால் ஆனவை. பசித்த செடி அந்தக் கொழுப்பை உடைத்துப் பொசுபேற்றை எடுத்துவிட்டு, கந்தகமோ வெல்லமோ கொண்ட கொழுப்பை அந்த இடத்தில் பொருத்துகிறது. தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிற மாதிரி.

அந்த ஊதா? அது அந்தோசயனின் என்ற நிறப்பொருள். அதைச் செய்யும் மரபணுக்களும் இந்தப் பசிக்கால வரிசையில் எழுபவை. வளர்ச்சி நின்ற இலைக்கு வெயில் அளவுக்கு மிஞ்சி விழுகிறது. இந்த நிறம் அதற்குக் குடை என்பதே பரவலான விளக்கம்.

வேரிலிருந்து கசியும் இன்னொரு பொருளையும் சொல்லாமல் விட முடியாது. ஸ்ட்ரிகோலக்டோன் என்ற ஓமோன். மண்ணிலுள்ள மைக்கோரைசாப் பூஞ்சணங்களுக்கு இது அழைப்பு. பூஞ்சணம் தன் இழைகளால் வேர் எட்டாத இடத்துப் பொசுபேற்றைக் கொண்டுவரும், செடி பதிலுக்குச் சீனியும் கொழுப்பும் கொடுக்கும். நெல்லில் இந்தக் கூட்டணிக்கான மரபணுக்களையும் பி.எச்.ஆர். குடும்பமே நடத்துகிறது என்று 2021இல் காட்டினார்கள். பசளையை வாரிக் கொட்டும் சாடியில் பூஞ்சணம் சரியாக ஒட்டாததற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது: வயிறு நிறைந்த செடி ஆளனுப்பாது.

நம் நாட்டுக்கு இது வெறும் பாடமில்லை. அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவலயில் பொசுபேற்றுப் பாறைப் படிவு இருப்பது 1971இல் தெரியவந்தது. ஆனால் அந்தப் பாறை மெதுவாகவே கரையும். தேயிலை, றப்பர், தென்னைக்குச் சரிவரும். மூன்று மாத நெல்லுக்குக் காத்திருக்க நேரமில்லை, விரைவில் கரையும் ரீ.எஸ்.பி. என்ற பொசுபேற்றுப் பசளையை இறக்குமதி செய்கிறோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து நவம்பரில் விலக்கிய அந்த ஆறு மாதத்தில், இந்த மூன்றெழுத்தின் பெறுமதி எல்லோருக்கும் தெரிந்தது. நெல்லில் 2012இல் கண்டுபிடித்த பி.எஸ்.ரீ.ஓ.எல்.1 என்ற மரபணுவை இதனால்தான் ஆவலோடு பார்க்கிறார்கள். கசலாத் என்ற பழைய இந்திய நெல்லில் இருப்பது அது. இளம் பயிரின் வேரைப் பெருக்கிப் பொசுபரசு குறைந்த மண்ணிலும் விளைய உதவுகிறது. நவீன நெல்லினங்கள் பலவற்றில் அது இல்லை. பசளை தாராளமாக இட்ட வயலில் தெரிவு செய்துகொண்டே வந்தால் இப்படியான மரபணு தொலைந்ததுகூடத் தெரியாது.

ஆறாம் படி: நைதரசனுக்கு வேறு கணக்கு

வேர் நைதரசனை எடுக்கும் முக்கிய வடிவம் நைத்திரேற்று. பொசுபேற்றுக்கு அது நேர்மாறு. தண்ணீரோடு ஓடித்திரியும், கொழும்பில் ஒரு பின்னேர மழை போதும், சாடியின் அடித்துளையால் போய்விடும். ஆகவே செடி அதைக் கண்ட இடத்தில் கண்ட கணமே பிடிக்க வேண்டும். வேரின் தோலில் நிற்கும் என்.ஆர்.ரீ.1.1 என்ற புரதம் இரண்டு வேலை பார்க்கிறது: நைத்திரேற்றை உள்ளே விடும் கதவும் அதுவே, வெளியே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் காவலாளியும் அதுவே. நைத்திரேற்று குறையும்போது அதில் ஒரு குறித்த இடத்தில் ஒரு பொசுபேற்று ஒட்டப்படும். உடனே அது சொற்பத்தையும் விடாமல் பிடிக்கும் கதவாக மாறிக்கொள்ளும். உள்ளே என்.எல்.பி.7 என்ற படியெடுப்புக் காரணி நைத்திரேற்றை நேரடியாகவே பிடித்து உணர்கிறது என்பது 2022இல் வெளியானது. நைத்திரேற்று வந்த சில நிமிடங்களிலேயே அது கருவுக்குள் தங்கி வேலையைத் தொடங்கிவிடுகிறது.

அடியிலை மஞ்சளாவதற்கும் மரபணுதான் காரணம். இலையின் நைதரசனில் கால் பங்களவு ரூபிஸ்கோ என்ற ஒரே நொதியத்தில் கிடக்கிறது. பசி வந்தால் மூப்படைதலை நடத்தும் மரபணுக்கள் விழித்து, பச்சையத்தையும் புரதத்தையும் உடைத்து, நைதரசனைக் கொழுந்துக்கு அனுப்பும். அடியிலை சாகவில்லை, கலைத்து எடுக்கப்படுகிறது.

எனக்கு மிகப் பிடித்த பகுதி இனித்தான். ஒரு செடியின் வேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நைத்திரேற்று கொடுத்து மறுபாதியைப் பட்டினி போட்டால், கிடைக்கும் பாதி வழக்கத்தைவிடக் கூட எடுக்கும். இந்தப் பாதிக்கு அந்தப் பாதியின் பசி எப்படித் தெரியும்? 2014இலும் 2017இலுமாக ஜப்பானின் நகோயாவில் மட்சுபயாஷியின் குழு விடை சொன்னது. பட்டினி வேர் சி.ஈ.பி. என்ற, 15 அமினோ அமிலம் கொண்ட சிறு பெப்ரைட்டைச் செய்கிறது. அது காழ் வழியாக, தண்ணீர் ஏறும் பாதையில், இலைக்கு ஏறுகிறது. இலை அதைக் கண்டதும் வேறொரு புரதத்தை உரியம் வழியாகக் கீழே அனுப்புகிறது. அந்தச் செய்தி எல்லா வேருக்கும் போனாலும், கைக்கெட்டிய தூரத்தில் நைத்திரேற்று உள்ள வேரே உள்ளெடுப்பு மரபணுக்களைக் கூட்டுகிறது. ஊரில் வெள்ளம் என்றால் கொழும்பிலுள்ள பிள்ளைக்குச் செய்தி போய், சம்பளம் வாங்குகிற பிள்ளை கூட அனுப்புவது போலத்தான்.

ஏழாம் படி: இரும்பு இருந்தும் இல்லாத நிலை

சுருக்கமாகச் சொல்லக்கூடியது. இரும்பு மண்ணில் எங்கும் உண்டு. காரமான மண்ணில் துருவாகக் கிடப்பதால் கரையாது. சீமெந்து உடைசல் கலந்த மண்ணைச் சாடியில் போட்டால் கொழுந்து மஞ்சளாவது இதனால்தான். தக்காளி, மிளகாய், அவரை போன்றவை மூன்று காரியம் செய்யும்: வேரைச் சுற்றி அமிலமாக்கும், எஃப்.ஆர்.ஓ.2 என்ற நொதியத்தால் இரும்பைக் கரையும் வடிவுக்கு மாற்றும், ஐ.ஆர்.ரீ.1 என்ற கடத்தியால் உள்ளே எடுக்கும். இவற்றுக்கு மேலே எஃப்.ஐ.ரீ. என்ற படியெடுப்புக் காரணி நின்று பின்னிரண்டையும் நடத்துகிறது. புல் குடும்பத்துக்கு வேறு வழி: மியூகினிக் அமில வகைகளை வெளியே விட்டு, அவை இரும்பைக் கவ்வியபின் அப்படியே உள்ளே இழுக்கும். நெல் இரண்டு வழியையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருக்கிறது. நீர் நின்ற வயலில் இரும்பு தானாகவே கரைந்துவிடும். களுத்துறைப் பக்கத் தாழ்நில வயல்களில் இரும்பு மிஞ்சி இலை வெண்கல நிறமாவதுதான் தலைவலி.

ஒரு எச்சரிக்கை மட்டும் பெரிய எழுத்தில். ஐ.ஆர்.ரீ.1 கறார் இல்லாத கதவு. இரும்போடு துத்தநாகம், மங்கனீசு, கட்மியத்தையும் உள்ளே விடும். இரும்புப் பசியில் உள்ள கீரை, அழுக்கு மண்ணில் நின்றால் கட்மியத்தையும் கூட எடுக்கும். பழைய பற்றரி, பெயின்ற் வாளி கிடந்த இடத்து மண்ணைக் கீரைச் சாடிக்கு எடுக்காதீர்கள்.

துத்தநாகம், கந்தகம், செப்பு, போரன் ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனித்தனி மிதவை உண்டு. அவற்றை விட்டுவிட்டுக் கைவேலைக்கு வருவோம்.

எட்டாம் படி: யோகட் கப் பரிசோதனை

ஆற்றுமணலை ஏழெட்டுத் தடவை அலசி எடுங்கள். கடல் பக்கத்தில் இருக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ள வேண்டாம். உப்பும் சிப்பிச் சுண்ணாம்பும் எல்லாவற்றையும் குழப்பும். அடியில் துளையிட்ட ஆறு கப். ஒவ்வொன்றிலும் இரண்டு தக்காளி விதை, முளைத்தபின் ஒன்றை விடுங்கள். பயறு, கௌபி வேண்டாம். பெரிய விதைக்குள் பொசுபரசுச் சேமிப்பு அதிகம், பசி வரக் கனநாள் எடுக்கும்.

ஒரு லீற்றர் மழைநீரில் யூரியா, எம்.ஓ.பி. என்ற பொற்றாசியப் பசளை, மகனீசியத்துக்கு எப்சம் உப்பு, ஜிப்சம் ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை. இதுதான் ஆறு கப்புக்கும் பொதுச் சாப்பாடு. மூன்று கப்பின் மணலில் மட்டும் நாலைந்து ரீ.எஸ்.பி. மணியைப் பொடியாக்கிக் கலந்துவிடுங்கள். ஜிப்சம் எதற்கு என்றால், ரீ.எஸ்.பி.யில் கல்சியமும் உண்டு. ஜிப்சத்தின் கல்சியம் எல்லாக் கப்புக்கும் போகாவிட்டால் நீங்கள் பார்த்தது பொசுபரசுப் பசியா கல்சியப் பசியா என்று யாரும் கேட்கலாம். பள்ளிக்கூடச் செயற்றிட்டத்துக்குச் செய்கிறீர்கள் என்றால் நிச்சயம் கேட்பார்கள்.

மூன்று நாலு கிழமையில் வித்தியாசம் தெரியும். இலையின் அடிப்பக்கத்தை ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். முடிவில் கழுவி, வேரையும் மேலுடம்பையும் வெட்டிப் பிரித்து, காயவைத்து நிறுத்துப் பங்கு பாருங்கள். சமையலறைத் தராசு இவ்வளவு சிறிய நிறைக்குத் தடுமாறும். மூன்று கன்றையும் சேர்த்து நிறுங்கள், அதுவும் சரிவராவிட்டால் நகைக்கடைத் தராசு வைத்திருப்பவர் யாரையாவது பிடியுங்கள்.

பிரித்த வேர்ப் பரிசோதனைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தக்காளி நாற்றின் ஆணிவேர் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கவேர் பெருகும். பிறகு வேரை இரண்டாகப் பிரித்து, ஒட்டவைத்த இரு கப்பில் ஆளுக்குப் பாதியாக இறக்குங்கள். ஒன்றுக்குக் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசல், மற்றதற்கு நைதரசன் இல்லாத கரைசல். மூன்று கிழமையில் நைத்திரேற்றுப் பக்கம் வேர் பூத்துக் கிடக்கும். எனக்கு முதல் தடவை சரிவரவில்லை. இரு கப்புக்கும் இடையில் தண்ணீர் கசிந்திருந்தது.

கப்புக்கு அடியில் தட்டு வைத்தால் நாளாந்தம் கவிழ்த்துக் கொட்டுங்கள். டெங்குக்குப் பரிசோதகர் வரும்போது "அறிவியல் பரிசோதனை" என்று சொன்னாலும் தண்டம் தண்டம்தான்.

ஒன்பதாம் படி: திரும்பச் சாப்பாடு கொடுப்பது

பசித்த செடிக்குப் பொசுபரசு கொடுக்கும்போதுதான் அதிகம் பிழை விடுகிறார்கள். இந்த நேரத்தில் வேரில் கடத்திகள் நிரம்பி நிற்கின்றன, குப்பைக்கு அனுப்பும் பி.எச்.ஓ.2 அடங்கிக் கிடக்கிறது. திடீரென்று அள்ளிக் கொடுத்தால் செடி தன் தேவைக்கு மிஞ்சி இறைத்துவிடும். பி.எச்.ஓ.2 பிறவியிலேயே கெட்டுப்போன செடிகளில் இலை நுனி கருகுவது இந்த மிகுதியால்தான்.

மூன்றாம் படியில் விட்ட முடிச்சு இங்கே அவிழ்கிறது. பசிக்காலத்திலேயே எஸ்.பி.எக்ஸ்.1 நிறையச் செய்துவைக்கப்பட்டிருக்கிறது அல்லவா? பொசுபேற்று வந்து அந்த எட்டுக்கை மூலக்கூறு பெருகியதும், தயாராக நிற்கும் எஸ்.பி.எக்ஸ். உடனே பி.எச்.ஆர்.1ஐப் பிடித்துவிடும். புதிதாகச் செய்ய நேரம் செலவாகாது. சில மணித்தியாலங்களில் பசிக்கால ஆர்.என்.ஏ.க்கள் இறங்கத் தொடங்கும். ஆனால் ஏற்கனவே செய்த கடத்திப் புரதங்கள் அத்தனை விரைவில் போகா. அந்த இடைவெளிக்காகத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்வது.

என் தக்காளிக்குச் சாடியின் ஓரமாக அரைத் தேக்கரண்டி ரீ.எஸ்.பி.யை இரண்டாகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் கூட்டெருவோடு சேர்த்துப் புதைத்தேன். கூட்டெருவோடு போட்டால் சிவப்பு மண் கட்டிப்பிடிப்பது கொஞ்சம் குறையும். ஊதாவான பழைய இலைகள் கடைசிவரை பெரிதாக மாறவில்லை. அவற்றைப் பார்த்துப் பதறி இன்னும் போடத் தேவையில்லை. பார்க்க வேண்டியது அதன்பின் விரியும் இலையை. மூன்றாவது புது இலையின் அடிப்பக்கம் பச்சையாக வந்த அன்று, அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யூரியா வேலை செய்திருக்கு பாரும்" என்றார்.